கேள்விச் சீட்டும் மொய் நோட்டும்

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் குடியிருப்பின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 61. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். ஐந்து பிளாக், 140 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆறு மாதம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் ஒருவர்கூடத் தன் பெயரைக் கேட்கவில்லையாம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் மகளிடம் புலம்பியிருக்கிறார். "ஐஸ் பிரேக்கர் கேள்வி வெச்சு ஒரு கூட்டம் போடுங்களேன்மா, எங்க ஆபீஸ்ல புது ஆளுங்க வந்தா அப்படித்தான் பண்ணுவோம்" என்று சொல்லி, இணையத்தில் கிடைத்த 36 கேள்விகளை மகள் அனுப்பினார். அம்மா அவற்றைத் தமிழில் எழுதி, தனக்குத் தோன்றிய பத்துப் பன்னிரண்டு கேள்விகளையும் சேர்த்து, சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கினார். மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி, கிளப் ஹவுஸ், டீயும் முறுக்கும். வருகிறவர் ஆளுக்கொரு சீட்டு எடுத்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் நன்றாகவே நடந்திருக்கிறது. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர், சங்கு ஊதுகிற நேரத்தை வைத்துத் தன் அம்மா உலை வைத்ததைச் சொன்னபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். நான்காவது மாதம் 26 பேர் வந்தார்கள். அன்றைக்குத்தான் இரண்டு சம்பவம். "உங்கள் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது?" என்ற சீட்டை எடுத்த ஒருவர், "சாதியைத் தெரிஞ்சுக்கறதுக்கு இப்படி ஒரு விளையாட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் நாற்பது வயதுள்ள ஒரு பெண்ணுக்கு வந்த சீட்டு: "கடைசியாக மற்றவர் முன்னால் எப்போது அழுதீர்கள்? தனியாக எப்போது அழுதீர்கள்?" அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நம் வாசகிதான், "சொல்லும்மா, சொன்னாத்தான் மனசு லேசாகும்" என்று ஊக்கப்படுத்தினார். கணவர் துபாயில் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்த அந்தப் பெண், அவர் பிரிந்து போய் மூன்று வருடமாகிறது என்று சொல்லி அழுதுவிட்டார். மறுநாள் காலைக்குள் விஷயம் ஐந்து பிளாக்குக்கும் போய்விட்டது. ஒருவர் வாய்ஸ் மெசேஜாகவே போட்டு அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பத்தாவது படிக்கும் மகளிடம் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்தது ஏழு பேர்.

"நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டது. தப்பு என் மேலா? இங்கே பேசுவதை வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கலாமா? அந்தப் பெண்ணை மறுபடி அழைத்து, எல்லோரையும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வைக்கலாமா? இல்லை, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடட்டுமா?" இதுதான் கடிதம்.

அம்மா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூட்டை கட்ட வேண்டாம். ஏழு பேர் வந்தார்கள் என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நடந்த பிறகும் ஏழு பேர் வந்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

தப்பு உங்கள் மேலா என்றால், கொஞ்சம் உங்கள் மேலும்தான். ஊர் பூராவும் பரப்பியது நீங்கள் இல்லை. ஆனால் அந்தப் பெண் சும்மா இருந்த அந்தச் சில நொடியில், "வேண்டாம்னா விடும்மா, வேற சீட்டு எடுத்துக்க" என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர் நீங்கள் மட்டும்தான். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆலோசகராக வந்த புதிதில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போனேன். அறிமுகத்துக்காக, "உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்" என்றேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த பையன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் அப்பா இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்கு அது வெறும் அறிமுகக் கேள்வி.

சீட்டைக் குலுக்கியதில் வந்த வினை

அழுகையைப் பற்றிய அந்தச் சீட்டைப் படித்ததுமே உங்கள் மகள் எந்தப் பட்டியலை அனுப்பினார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் உள்ள கேள்விகள் அவை. 2015-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை, இந்த 36 கேள்வியைக் கேட்டுக்கொண்டால் காதலே வந்துவிடும் என்கிற மாதிரி இதைப் பிரபலப்படுத்தியது. ஆய்வு செய்தவர்களின் நோக்கம் காதல் இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேருக்குள் குறைந்த நேரத்தில் நெருக்கம் உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான்.

அந்த ஆய்வில் கேள்விகள் மூன்று கட்டுகளாக இருந்தன. கட்டுக்குக் கால் மணி நேரம், மொத்தம் முக்கால் மணி. முதல் கட்டில், ஒருவருக்கு போன் செய்யும் முன் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பீர்களா என்கிற மாதிரியான கேள்விகள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். அழுகைக் கேள்வி 30-வது. அதாவது மூன்றாவது கட்டில், அரை மணி நேரத்துக்கும் மேல் பேசிப் பழகிய பிறகு வருவது. இன்னொன்று, இது இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசுவதற்குச் செய்தது. ஒரே கேள்விக்கு இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டும். நான் அழுததைச் சொன்னால் நீங்களும் சொல்வீர்கள்.

நீங்கள் அதை வெட்டி, குலுக்கி, 26 பேர் நடுவில் வைத்துவிட்டீர்கள். படிக்கட்டை உடைத்துக் கல்லைக் குவித்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் மூன்று மாதம் நன்றாக நடந்தது முறை சரியாக இருந்ததால் இல்லை. கைக்குச் சுலபமான சீட்டுகள் வந்ததால். சீட்டு மாறி விழுந்திருந்தால் முதல் மாதமே இது நடந்திருக்கும்.

மனிதர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது தோல் தோலாக நடக்கும் என்பதற்கு உளவியலில் வெங்காயத்தை உதாரணம் காட்டுவார்கள். ஆல்ட்மன், டெய்லர் என்ற இருவர் 1973-ல் எழுதிய கோட்பாட்டை விளக்க எல்லா வகுப்பிலும் இந்த வெங்காயம் வந்துவிடும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிப்பவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டால் யார் கண்ணில் தண்ணீர் வரும் என்று நமக்குத் தெரியும்.

"சொன்னால் மனசு லேசாகும்" என்றீர்கள். பல நேரம் உண்மைதான். யாரிடம், எப்போது, தானாக விரும்பிச் சொன்னோமா என்பதைப் பொறுத்தது அது. பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பல நாடுகளில் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பின்னாளைய பாதிப்பு குறையவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போயிருக்கிறது என்று தெரிந்து, கட்டாயப்படுத்திச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்தபோதே கதை அப்படி.

சேரன் எக்ஸ்பிரஸில் கோவையிலிருந்து சென்னைக்குப் போகும்போது, எதிர் பெர்த்தில் இருக்கும் முகம் தெரியாத அம்மாவிடம் நாம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருப்போம். காலையில் சென்ட்ரலில் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பிரிந்துவிடுவோம் என்ற தைரியம்தான். குடியிருப்பில் அது இல்லை. சொன்ன கதையும் சொன்னவரும் கேட்டவரும் நாளைக் காலையில் ஒரே லிஃப்டில் இறங்க வேண்டும்.

"எந்த ஊர்?" என்ற சாதாரணக் கேள்வி

"நான் சாதி பார்ப்பவள் இல்லை" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் கேள்வி பார்க்கும்.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் தலைவர்கள் பலர் தங்கள் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயரை வைத்து ஒருவரின் சாதியைச் சொல்வது கஷ்டமாகிப் போனது. நல்லதுதான். ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை போகவில்லை. அது வேறு கேள்விகளுக்குள் புகுந்துகொண்டது. எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? சைவமா அசைவமா? அங்கே இன்னாரைத் தெரியுமா? நம் ஊரில் புது ஆளிடம் பேச்சைத் தொடங்க இதைவிடப் பழைய ஐஸ் பிரேக்கர் கிடையாது. பாதிப் பேருக்கு அது பாசமான விசாரிப்பு. மீதிப் பேரில் சிலருக்கு, வாடகைக்கு வீடு தேடிய ஒவ்வொரு வாசலிலும் கேட்ட கேள்வி. கேட்ட பிறகு வீடு கிடைக்காமல் போன கேள்வி. எழுந்து போனவர் எந்தப் பக்கம் என்று நீங்களும் நானும் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அவரைப் பார்த்து, "அந்தக் கேள்வி நான் எழுதினதுதாங்க. யோசிக்காம எழுதிட்டேன், எடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள். "நான் அந்த அர்த்தத்துல கேட்கலைங்க" என்று ஆரம்பித்தால் மன்னிப்பு வாதாட்டமாகிவிடும்.

இதோடு முடியவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் உங்கள் சொந்தக் கேள்விகளில் இன்னும் சிலவற்றையும் எடுத்துவிடுங்கள். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?" அருமையான கேள்வி, அஞ்சலகத்தில் சம்பளம் வாங்கிய உங்களுக்கு. உங்கள் கூட்டத்தில் வாழ்நாள் முழுக்க அடுப்படியில் உழைத்து, ஒரு நாளும் சம்பளம் என்று எதையும் வாங்காத பெண்கள் எத்தனை பேர்? "கல்லூரி நாட்களில் மறக்க முடியாதது", "குழந்தைகளிடம் கற்றுக்கொண்டது", "உங்கள் கல்யாணம் காதலா, பெரியவர்கள் பார்த்ததா" எல்லாமே இதே மாதிரிதான். கல்லூரி வாசலை மிதிக்காதவர், பிள்ளை இல்லாதவர், கல்யாணமே ஆகாதவர் கையில் அந்தச் சீட்டு வந்தால் அவர் ஒரு பொய்யோ ஒரு விளக்கமோ சொல்லியாக வேண்டும்.

"பள்ளி டிபன் பாக்ஸில் என்ன இருக்கும்?" என்றும் ஒரு சீட்டு. நான் டிபன் பாக்ஸ் கொண்டுபோனதே இல்லை. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982-ல் தொடங்கியபோது நான் மூன்றாவது படித்தேன். அலுமினியத் தட்டுதான் என் டிபன் பாக்ஸ். தட்டில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தை அப்பா பொறித்துக் கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் அந்தத் தட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடி வருவோம். சோற்றை விட அந்தச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது, மண்டைக்கு மேல் தட்டில் மழை விழுகிற சத்தம். உங்கள் கேள்விக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன். "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லி உட்கார்ந்திருப்பேன். "பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிபன் பாக்ஸ் என்ற ஒரு சொல்லை எடுத்தால் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது பாருங்கள்.

அதேபோல, சொந்த ஊரைக் கேட்காமல், "சின்ன வயதில் தினமும் காதில் விழுந்த ஒரு சத்தம்" என்று கேளுங்கள். மில் சங்கைப் பற்றிச் சொன்ன பெரியவர் உங்களுக்கு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஊரைச் சொல்ல விரும்புகிறவர் அதிலேயே சொல்லிவிடுவார். விரும்பாதவர் சத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வார்.

கையெழுத்து வாங்கலாமா?

வேண்டாம். என்னைப் போன்றவர்களிடம் வந்து சொல்வதைக் காப்பாற்ற வேண்டியது எங்கள் தொழிலின் கடமை. மனநல சிகிச்சை தருபவர்களை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கட்டிப்போடுகிறது. டீ குடிக்க வந்த அண்டை வீட்டாரை அப்படி எதுவும் கட்டாது. நீங்கள் வாங்கும் கையெழுத்து, இங்கே பெரிய ரகசியம் ஏதோ பேசப்போகிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கும். பயப்படுகிறவர் வரமாட்டார். வம்பு பேசுகிறவர் ஆர்வமாக வருவார்.

வாய்ஸ் மெசேஜ் போட்டவர் மேல் வழக்குப் போட முடியுமா என்றும் ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைப் பற்றியது. பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தது. "உண்மையைத்தானே சொன்னோம்" என்பது மட்டும் அங்கே போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். ஆனால் போவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அவருக்காக எதையும் தொடங்கிவிடாதீர்கள். ஐந்து பிளாக்கில் நின்ற பேச்சு ஸ்டேஷன் வரை போகும்.

வாய்ஸ் மெசேஜ் போட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். தனியாகப் போய் அவரிடம் பேசுங்கள். "அந்தப் பொண்ணு என்னை நம்பித்தான் பேசினா. நீங்க அனுப்பினதை அழிச்சிருங்க, இனிமே யார் கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க" என்றால் போதும். குரூப்பில் பொதுவாக எச்சரிக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள். "சிலர் தனிப்பட்ட விஷயங்களைப் பரப்புவது வருந்தத்தக்கது" என்று நீங்கள் போட்ட அடுத்த நிமிடம், இதுவரை தெரியாதவர்களும், "என்ன விஷயம்?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் போகும்போது

அவரை மறுபடி கூட்டத்துக்கு அழைத்து எல்லோரையும் மன்னிப்புக் கேட்க வைப்பது, தயவுசெய்து, கூடவே கூடாது. 26 பேர் நடுவில் அழுததுதான் அவருக்கு ஆன காயம். அதே 26 பேர் நடுவில் அவரை நிறுத்தி மருந்து போடுவதா?

தனியாகப் போங்கள். மகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். போகும் முன் ஒரு போன் செய்து, வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவராகப் பேசும்வரை காத்திருங்கள். போனால், "நீ தயங்கினப்ப நான் விட்டிருக்கணும், வற்புறுத்தினது என் தப்பு" என்று சொல்லுங்கள். அவர் வீட்டுக்காரர் எங்கே, இப்போது பணம் அனுப்புகிறாரா, வழக்கு நடக்கிறதா, எதையும் கேட்காதீர்கள். யார் யார் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற தகவலையும் கொண்டுபோகாதீர்கள். மூன்று வருடம் ஒரு பெண் தனியாகக் கட்டிக்காத்த ஒரு சுவர் ஒரே சாயங்காலத்தில் விழுந்திருக்கிறது. துபாய்க் கதையைச் சிலர் பொய் என்பார்கள். பத்தாவது படிக்கும் பெண் குழந்தையோடு தனியாக இருப்பவருக்கு அது வாசல் தாழ்ப்பாள் மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

அவர் தூங்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். அன்று யாராவது அவர் கூட இருக்கும்படியும் பாருங்கள்.

மகளிடம் நீங்களாகப் போய் எதுவும் பேச வேண்டாம். பேருந்து நிற்கும் இடத்தில் காலை ஏழரைக்கு நீங்களும் ஒரு வாரம் நடைப்பயிற்சி போல நின்றுகொண்டிருங்கள். பெரியவர் ஒருவர் நின்றாலே பிள்ளைகள் வாயை அடக்கிக்கொள்வார்கள்.

நீங்கள் வைக்காத மொய்

நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். இருபத்தாறு பேர் என்னென்ன சொன்னார்கள் என்று ஞாபகமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதில் ஒன்றுகூட அதில் இல்லை. எந்தக் கூட்டத்திலும் நீங்கள் ஒரு சீட்டைக்கூட எடுக்கவில்லை, அல்லவா? நடத்துகிறவர் என்பதால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். கணவரைப் பற்றி எனக்கே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக வந்து கொடுப்பதை வாங்கி நோட்டில் எழுதுகிறார். ஆனால் மொய் என்பது வாங்குவது மட்டும் இல்லையே. முன்னால் நாம் வைத்ததுதான் திரும்பி வருகிறது, இப்போது வாங்கியதை நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். அதுவும் அவர் 100 வைத்தால் நாம் 101. ஆயிரத்தை வைத்துச் சங்கடப்படுத்த மாட்டோம். சொந்தக் கதையும் அப்படித்தான் கைமாறுகிறது. அந்தப் பெண் தன் வாழ்க்கையில் இருந்த பெரிய தொகையை வைத்துவிட்டுப் போனார். எதிர்ப்பக்கத்தில் யாரும் பத்து ரூபாய்கூட வைக்கவில்லை. கையில் ஒன்றும் வைக்காதவர்களுக்குத்தான் அடுத்தவர் தொகையை ஊருக்குச் சொல்வது சுலபம். தன் கதையும் அதே அறையில் இருக்கிறது என்றால் நாக்கு கொஞ்சம் யோசிக்கும். கையெழுத்தை விட அது நல்ல காவல்.

அதனால் மறுபடி ஆரம்பித்தால், முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும். ஆறு மாதம் லிஃப்டில் யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? இந்தக் கூட்டமே அதிலிருந்துதானே பிறந்தது. சொல்லுங்கள், சுருக்கமாக, அழாமல். நீங்கள் எந்த ஆழத்துக்குப் போகிறீர்களோ அதுவரைதான் மற்றவர்களும் வர வேண்டும் என்ற அளவு அதிலேயே தெரிந்துவிடும்.

பாட்டிலைக் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை ஒரு பக்கம், கொஞ்சம் யோசித்துச் சொல்பவை ஒரு பக்கம். மூன்றாவது, அழுகை, சாவு, குற்ற உணர்ச்சி பற்றிய சீட்டுகள். அவற்றை அடுப்பில் போட்டுவிடுங்கள். அந்த மாதிரிக் கதைகள் சீட்டில் வருவதில்லை. ஒரு வருடம் பழகிய பிறகு, மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும்போது தானாக வரும். முதல் ஆறு மாதம் முதல் பக்கத்துச் சீட்டு மட்டும் போதும். உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய பாத்திரம் எது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பித்தளைச் சொம்பிலிருந்து மூன்று தலைமுறை வெளியே வரும்.

வட்டமாக 26 பேர் வேண்டாம், மூன்று மூன்று பேராக உட்காரட்டும். மேடையில் பேசுவது போன்ற பயமும் போகும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் குறைவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு எடுக்கச் சொல்லி, பிடித்த ஒன்றுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். "பாஸ்" சொல்லலாம் என்று விதி வைத்தால், பாஸ் சொன்னவருக்கு என்ன ரகசியமோ என்று பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றைக் கீழே போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்காக 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று தமிழிலும் கூட்டம் நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. அதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். "நீ அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதும்மா" என்று ஆரம்பிக்கிற பெரியவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

கைக்கு வேலை இருந்தால் இன்னும் நல்லது. பூ தொடுக்கலாம், அவரைக்காய் ஆயலாம். கண்ணைப் பார்த்துப் பேசச் சங்கடப்படுகிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிறையப் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் ஒரு இளைஞரைப் பற்றிக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார், வாயே திறப்பதில்லை, கடைசியில் டீ டம்ளரையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போகிறார், அவரை எப்படிப் பேச வைப்பது என்று கேட்கிறீர்கள். பேச வைக்க வேண்டாம். அந்த ஏழு பேரில் அவரும் ஒருவர் என்பதை உங்கள் கடிதத்திலேயே பார்த்தேன். அடுத்த மாதம் அவர் டம்ளரைக் கழுவும்போது நீங்களும் பக்கத்தில் நின்று துடைத்து வையுங்கள். உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.